ஆலைக்கு அருகே ஒரு பள்ளி
கேமரன் மலைத் தோட்டப் பிள்ளைகளும் தொழில்நுட்பக் கல்வியும்

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியைப் பற்றி எழுதப் புகும்போதெல்லாம் நாம் இரண்டு பொருள்களையே எடுத்துக்கொண்டு பழகிவிட்டோம். ஒன்று மொழி, மற்றொன்று வறுமை. தமிழ் நிலைக்க வேண்டும் என்பதும், தொழிலாளியின் பிள்ளை வறுமையினின்று மீள வேண்டும் என்பதும் நம் கட்டுரைகளின் நிலையான கருப்பொருள்கள். இவ்விரண்டும் வேண்டுவனவே. ஆயினும் இவற்றுக்கு இடையில் மூன்றாவது பொருள் ஒன்று நம் பார்வைக்குத் தப்பி நிற்கிறது. அது பொறியறிவு. தோட்டத்துப் பிள்ளை பிறந்த நாள் முதல் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டு வளர்கிறது. அவ்வியந்திரம் ஏன் அவ்வாறு இயங்குகிறது என்பதை மட்டும் அதற்கு எவரும் சொல்லுவதில்லை. பள்ளியும் சொல்லுவதில்லை என்பதே இக்கட்டுரையின் குறைபாடு. ஏன் சொல்லுவதில்லை, எவ்வாறு சொல்லலாம் என்பன இதன் ஆய்வு.

இக்குறையை ஆராயக் கேமரன் மலையைக் காட்டிலும் பொருத்தமான இடம் நம் நாட்டில் இல்லை எனலாம்.

மலையே ஒரு பொறியியற் கூடம்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டறிந்து குறித்த இம்மலைப்பகுதியில், 1929இல் ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது. காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திச் செடி நட்டவருள் பெரும்பகுதியினர் தமிழர். அவர்தம் பிள்ளைகளுக்கென எழுந்தவையே போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தோட்டப் பள்ளிகள். இப்பள்ளிகளில் படிக்கும் பிள்ளையைச் சூழ்ந்துள்ளவை எவை? ஒருபுறம் தேயிலை ஆலை. மறுபுறம் நீர்மின் திட்டம். நகரத்துப் பிள்ளை படத்தில் மட்டுமே காணும் பொறியமைப்புகள் இப்பிள்ளையின் அண்டை வீட்டுக்காரர்களாக இருக்கின்றன.

முதலில் ஆலையை எடுத்துக்கொள்வோம். கொழுந்து ஆலைக்கு வந்ததும் வாட்டப்படுகிறது, பின்னர் உருட்டப்படுகிறது, காற்றில் பரப்பிப் பதப்படுத்தப்படுகிறது, சூடான காற்றில் உலர்த்தப்படுகிறது, இறுதியில் சலித்துத் தரம் பிரிக்கப்படுகிறது. இவ்வைந்து படிகளையும் தோட்டத்துப் பிள்ளை ஒப்பிக்கும். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு வினா உறங்கிக் கிடக்கிறது. பச்சிலையில் முக்கால் பங்குக்கு மேல் நீரே. நூறு கிலோ கொழுந்தில் 77 கிலோ நீர் எனக் கொண்டால், எஞ்சிய திடப்பொருள் 23 கிலோ. நீர் 65 விழுக்காடாகக் குறையும்வரை வாட்டினால் அந்த நூறு கிலோ ஏறத்தாழ 66 கிலோவாகிறது. மூன்று விழுக்காடு நீர் மட்டுமே எஞ்சும்படி உலர்த்திய பின்னர்க் கிடைக்கும் தேயிலை ஏறத்தாழ 24 கிலோ. அப்படியாயின் வாட்டும் தொட்டியில் எவ்வளவு நீர் போயிற்று, உலர்த்தும் இயந்திரம் எவ்வளவு நீரைப் போக்க வேண்டும், அதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பன ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவரும் இடைநிலைப்பள்ளி மாணவரும் தத்தம் அளவுக்குச் செய்யத்தக்க கணக்குகள். இலையை முதலில் வாட்டுவது எரிபொருளைச் சேமிப்பதற்காக மட்டுமன்று. வாடாத இலையை உருட்டினால் அது சுருளாமல் நொறுங்கும் என்பதற்காகவும் ஆகும். ஒரே செயலில் இரண்டு காரணங்கள் இணைந்திருக்கக் காண்பதே பொறியியற் சிந்தனையின் தொடக்கம்.

உருட்டும் இயந்திரத்தைப் பாருங்கள். வரிக்கட்டைகள் பதித்த வட்ட மேசைமேல் இலை நிரம்பிய உருளைப்பெட்டி சுற்றி வருகிறது. பெட்டி தன்னைத்தானே சுழற்றிக்கொள்வதில்லை. அதன் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டத்தில் நகர்கிறது. இவ்வசைவை அதற்கு அளிப்பவை வளைதண்டுகள். இயந்திரம் வருமுன்னர் இலையைக் கையால் தேய்த்து உருட்டினர். உள்ளங்கை செய்த அதே அசைவை இரும்பு செய்கிறது. கையின் அசைவு எவ்வாறு சக்கரத்தின் அசைவாக மாற்றப்பட்டது என்பதைவிடச் சிறந்த தொழில்நுட்பப் பாடம் வேறு உண்டோ?

இனி நீரைக் காண்போம். ரிங்லெட்டில் பெர்த்தாம் ஆற்றுக்குக் குறுக்கே சுல்தான் அபு பக்கார் அணை 1963இல் கட்டி முடிக்கப்பட்டது. அங்குத் தேங்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பேராக் மாநிலப் பக்கத்துக்கு இறங்கி, நிலத்தடியில் அமைந்த ஜோர் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. வீழ்ச்சியின் உயரம் ஐந்நூறு மீட்டருக்கும் மேல். ஒரு கன மீட்டர் நீர் 500 மீட்டர் வீழ்ந்தால் கிடைக்கும் ஆற்றல் 49 இலட்சம் ஜூல். அஃதாவது ஏறத்தாழ 1.36 யூனிட் மின்சாரத்துக்கு ஈடு. இவ்வொரு கணக்கு மாணவனின் மனத்தில் பதிந்துவிட்டால், மழை அவனுக்கு வேறு பொருளாகத் தோன்றும்.

அணை மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. அது துயரம் மிகுந்தது. சரிவுகளில் காடும் புதரும் அழிக்கப்பட்டபோது மண் அரித்து வந்து நீர்த்தேக்கத்தில் படிந்தது. தேக்கத்தின் கொள்ளளவு குறைந்தது. 2013 அக்டோபரில் பெருமழை பெய்தபோது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. மலைமேல் ஒருவன் வெட்டிய வரப்புக்கும், கீழே ஒருவன் இழந்த வீட்டுக்கும் இடையிலுள்ள தொடர்பை அறிவது புவியியலா, அறிவியலா, தொழில்நுட்பமா? மூன்றுமே என்க. பொறியறிவு என்பது பொறியைச் செய்யும் அறிவு மட்டுமன்று. அப்பொறி எதைச் செய்துவிடும் என்று முன்னுணரும் அறிவும் ஆகும்.

பாடம் நடந்து வந்த பாதை

இத்துணை வளம் சூழ்ந்திருந்தும் பள்ளியில் தொழில்நுட்பம் எவ்வாறு கற்பிக்கப்பட்டு வந்தது என்பதைக் காண்போம்.

1920களில் நடைமுறையிலிருந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டத்தின் எழுத்து அவ்வாறு. அதன் உள்ளக்கிடக்கை வேறு. தொழிலாளியின் பிள்ளை கையெழுத்திடவும் கூட்டிக் கழிக்கவும் கற்றால் போதும் என்பதே அந்நாளைய தோட்ட நிருவாகத்தின் எண்ணமாக இருந்தது. எழுத்தும் எண்ணும் பள்ளியில், இயந்திரம் ஆலையில். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலி நின்றது.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1965இல் இடைநிலைக் கல்வி பல்துறைக் கல்வியாக விரிவாக்கப்பட்டது. தொழிற்கலை, வேளாண் அறிவியல், வணிகம், மனையியல் என்பவற்றுள் ஒன்றை மாணவர் கற்றனர். இது பாராட்டத்தக்க முன்னேற்றமே. ஆயினும் நடைமுறையில் தொழிற்கலை ஆண்பிள்ளைக்கு என்றும், மனையியல் பெண்பிள்ளைக்கு என்றும் பிரிந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தோர் பெரும்பாலும் பெண்கள். ஆலையின் இயந்திரத்தருகே நின்றோர் பெரும்பாலும் ஆண்கள். அந்தப் பழம் பிரிவினையைப் பள்ளியும் அறியாமலே வழிமொழிந்தது. 1989இல் தொடங்கிய இடைநிலைப் பள்ளி ஒருங்கிணைந்த கலைத்திட்டம், கெமாஹிரான் ஹீடுப் என்னும் வாழ்க்கைத் திறன் பாடத்தைக் கொண்டுவந்தது. 2017இல் முதற் படிவத்திலிருந்து அதன் இடத்தை வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் பெற்றது. தமிழ்ப்பள்ளியின் மேல் வகுப்புகளிலும் இப்பெயருடைய பாடம் தமிழிலேயே நடைபெறுகிறது.

பெயர் மாற்றங்களைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. மரம் அறுத்தல், பற்றவைத்தல், தையல் என்னும் கைத்திறன்களிலிருந்து, சிக்கலை உணர்தல், வடிவம் வரைதல், செய்து பார்த்தல், குறை கண்டு திருத்துதல் என்னும் சிந்தனைமுறைக்குப் பாடம் நகர்ந்திருக்கிறது. திசை சரியானது. குறை திசையில் இல்லை, நடையில் இருக்கிறது. பல வகுப்பறைகளில் நிகழ்வது யாது? கடையில் வாங்கிய பகுதிகளை மாணவர் படத்தைப் பார்த்துப் பொருத்துகின்றனர். விளக்கு எரிகிறது, பொம்மை வண்டி ஓடுகிறது, படம் பிடித்துக் கோப்பில் ஒட்டுகின்றனர். செய்த பொருள் மதிப்பெண் பெறுகிறது. எழாத வினா மதிப்பெண் இழப்பதில்லை. பாடத்தின் பெயர் வடிவமைப்பு, நடப்பதோ பொருத்துதல். இது பழைய கைவேலை வகுப்பின் புதிய சட்டை அன்றி வேறன்று.

இதற்கு ஆசிரியரை மட்டும் பழித்தல் அறமாகாது. தோட்டப் பள்ளிகள் சிறியவை. ஓர் ஆசிரியரே பல பாடங்களைச் சுமக்கிறார். பட்டறையும் கருவிகளும் மலைமேல் ஏறிவர நாளாகின்றன. ஆனால் கருவி இல்லை என்று வருந்தும் பள்ளியின் எதிரிலேயே ஆலையொன்று இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் வேடிக்கை, வேதனையும் அதுவே.

குலக்கல்வி என்னும் ஐயம்

இவ்விடத்தில் நியாயமான ஐயம் ஒன்று எழும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்குத் தேயிலை ஆலையைக் காட்டிப் பாடம் நடத்தினால், அப்பிள்ளையைத் தோட்டத்திலேயே கட்டிப்போடுவதாக ஆகாதா? இவ்வையத்தைப் புறக்கணிக்க முடியாது. தமிழர் வரலாற்றில் இதற்கு ஆழமான காரணம் உண்டு. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அறிமுகப்படுத்திய தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று கண்டனம் எழுந்தது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. கண்டித்தோர் கூறிய நியாயம் எளிமையானது: சிரைப்பவன் மகன் சிரைக்கவும் வெளுப்பவன் மகன் வெளுக்கவும் கற்பது கல்வியன்று, விலங்கு.

அந்நியாயத்தை முழுவதும் ஏற்றுக்கொண்டே ஒன்றைக் கூற வேண்டும். தொழிலைக் கற்பித்தல் வேறு; தொழிலின் காரணத்தைக் கற்பித்தல் வேறு. கொழுந்து பறிக்கக் கற்பிப்பது பிள்ளையைச் செடியோடு பிணைக்கும். உலர்த்தும் இயந்திரத்தில் காற்று எவ்வாறு செல்கிறது, அதன் வெப்பத்தை உயர்த்தினால் என்ன நிகழும், விசிறியின் வேகத்தை மாற்ற எந்தச் சக்கரத்தை மாற்ற வேண்டும் என்று கற்பிப்பது பிள்ளையைச் செடியினின்று விடுவிக்கும். ஏனெனில் காற்றும் வெப்பமும் சக்கரமும் தேயிலைக்கு மட்டும் உரியன அல்ல. கேமரன் மலையில் உலர்த்தியைப் புரிந்துகொண்டவன் கிள்ளானில் நெல் உலர்த்தியையும், பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலையின் காற்றோட்டத்தையும் புரிந்துகொள்வான். அருகிலுள்ளதில் தொடங்குவது அருகிலேயே நிறுத்துவதற்காக அன்று.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியைத் தொழிற்கல்வியை ஆதரிப்போர் அடிக்கடி எடுத்தாளுவர். பாதி உண்மையே அதில் உள்ளது. கொடியிற் காய்த்த சுரைக்காயை மட்டும் அறிந்தவன் என்றும் அக்கொடியின் காவலனாகவே இருப்பான். கொடிக்கு நோய் வந்தால் காரணம் அறிய ஏடும் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு இதுவரை கிடைத்தது ஒன்றில் ஏடு, அன்றேல் கொடி. இரண்டும் ஒன்றாய்க் கிடைத்ததில்லை.

வரலாறு இதற்குச் சான்று தருகிறது. தேயிலை உலர்த்தும் சிரோக்கோ இயந்திரத்தைக் கண்டுபிடித்த சாமுவேல் டேவிட்சன், 1864இல் அசாமின் கச்சார் பகுதித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த அயர்லாந்து இளைஞர். தோட்டத்தில் கண்ட குறையை எண்ணி எண்ணி இயந்திரம் அமைத்தார். 1881இல் பெல்பாஸ்ட் நகரில் பொறியியல் ஆலையையே நிறுவினார். அதே தோட்டங்களில் அதே குறையைப் பல்லாயிரம் தொழிலாளர்களும் நாள்தோறும் கண்டிருப்பர். அவர்களுக்கு அறிவு குறைவா? இல்லை. வினா எழுப்பும் உரிமையும், எழுந்த வினாவை வரைந்து பார்க்கும் கல்வியும், வரைந்ததைச் செய்து பார்க்கும் வாய்ப்பும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. தொழில்நுட்பக் கல்வி என்பது அந்த மூன்றையும் பொதுவுடைமையாக்கும் முயற்சியே.

இன்று மலைச்சரிவுகளில் கொழுந்தைக் கத்தரிக்கோலும், இருவர் தூக்கிச் செல்லும் அறுவடை இயந்திரமும் எடுக்கின்றன. பறிப்போருள் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளினின்று வந்தோர். தமிழ்க் குடும்பங்கள் பல மலையிறங்கிவிட்டன. இனித் தேயிலை நமக்கு எதற்கு என்று கேட்போரும் உளர். மலையிறங்கும் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு இறங்குகிறது என்பதே வினா. பாட்டி பறித்தாள், தந்தை இயந்திரத்தைத் துடைத்தார் என்னும் நினைவை மட்டும் சுமந்து இறங்கினால் நகரத்திலும் அது மற்றோர் இயந்திரத்தைத் துடைக்கும். அவ்வியந்திரத்தின் காரணத்தையும் சுமந்து இறங்கினால் அதனை மாற்றி அமைக்கும்.

சொல்லும் பொருளும்

தமிழாசிரியருக்கு இதில் என்ன பங்கு என்று வினவலாம். பெரும்பங்கு உண்டு. தமிழ்ப்பள்ளியில் தமிழில் தொழில்நுட்பம் கற்கும் பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அதே பாடத்தை மலாய் மொழியில் கற்கிறது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. அம்முடிவைக் கைவிடுவதென 2009இல் அறிவிக்கப்பட்டது. இம்மாற்றங்களுக்கு இடையே பிள்ளை சொல்லை மாற்றி மாற்றி மனனம் செய்கிறது. பொருள் உறுதியாகப் பதிந்திருந்தால் சொல் மாறினும் கேடில்லை. பொருள் பதியாதபோதுதான் சொல் மாற்றம் சுமையாகிறது. பொருளைப் பதிக்க வல்லது பிள்ளைக்கு அண்மையான மொழியே.

அவ்வண்மை மொழி தோட்டத் தொழிலாளியிடம் உள்ளது. கவ்வாத்து, கொழுந்து, வாட்டம், பதம் என்னும் சொற்கள் அகராதியினின்று வந்தவை அல்ல, உழைப்பினின்று வந்தவை. அவற்றைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஆக்கிய கலைச்சொற்களை மட்டும் கற்பிப்பது, வீட்டின் வாயிலை அடைத்துவிட்டுச் சாளரத்தின் வழி விருந்தினரை அழைப்பதை ஒக்கும். அதே வேளையில் வழக்குச் சொல்லை ஆராயாமல் ஏற்பதும் கூடாது. உருட்டிய இலையைப் பரப்பி வைப்பதைப் புளிக்க வைத்தல் என்பர். ஆங்கிலத்திலும் அவ்வாறே வழங்கினர். மாவு புளிப்பது நுண்ணுயிர்களால். தேயிலை நிறம் மாறுவதோ, நசுங்கிய இலையின் சாறு காற்றிலுள்ள உயிர்வளியோடு, இலையிலேயே உள்ள நொதிகளின் துணையால் சேர்வதனால். இரண்டும் ஒன்றல்ல. இச்சொல்லை எடுத்துக்கொண்டு, இதில் புளிப்பது எது என்று தமிழாசிரியர் கேட்டால், ஒரு மொழிப்பாடமே அறிவியற் பாடமாக மலரும்.

இலங்கை மலையகத் தேயிலை ஆலைகளில் ரோதை முனி என்னும் தெய்வத்தைத் தொழிலாளர் வணங்கி வந்தனர். ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தது. கையைக் கவ்வும், உயிரைக் குடிக்கும் சக்கரத்தின்முன் நின்ற மனிதன் அதனைத் தெய்வமாக்கிப் பணிந்தான். இதனை மூடத்தனம் என்று நகைப்பது எளிது. நகைப்போர் அவன் நின்ற இடத்தில் நின்றதில்லை. விளக்கம் மறுக்கப்பட்டவனுக்கு வழிபாடே எஞ்சிய பாதுகாப்பு. பள்ளி செய்ய வேண்டுவது அந்த அச்சத்தைப் பழிப்பதன்று. அதனை அறிவாக மாற்றுவது. சக்கரத்துக்குக் காப்புறை ஏன் வேண்டும், நிறுத்தும் விசை கைக்கெட்டும் இடத்தில் ஏன் இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்கத் தொடங்கினால் அதுவே தக்க பூசை.

எழுத்தாளரும் இதில் பொறுப்பினின்று தப்ப இயலாது. புதுமைப்பித்தனின் துன்பக்கேணி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றிய பி. எச். டேனியலின் ஆங்கில நாவல் 1969இல் வெளிவந்து, எரியும் பனிக்காடு என்னும் பெயரில் தமிழாயிற்று. உழைப்போரின் துயரை உலகுக்குக் காட்டிய இவை போற்றத்தக்கவை. எனினும் நம் தோட்ட இலக்கியத்தின் பார்வை பெரும்பாலும் சரிவிலும் லயத்திலும் பிரட்டுக்களத்திலும் நிலைத்துவிட்டது. ஆலையின் உள்ளே சென்று இயந்திரத்தோடு மனிதன் கொண்ட உறவை எழுதுவது அரிதாயிற்று. பழுதான விசிறியைக் காதால் கேட்டே காரணம் சொல்லும் தொழிலாளியின் அறிவு எந்தச் சிறுகதையின் கருவாயிற்று? அவன் கண்ணீரை எழுதினோம். அவன் அறிவை எழுதவில்லை. கண்ணீரை மட்டுமே படித்து வளரும் மாணவன் தன் குலத்தாரை இரக்கத்துக்கு உரியவராகக் காண்பானே அன்றி, மதிப்புக்கு உரியவராகக் காண மாட்டான்.

செய்யத்தக்கவை

பெருந்திட்டங்களை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது சுற்றுலாவாக முடியாமல், ஒவ்வொரு மாணவரும் ஒரு வினாவோடு சென்று ஒரு வரைபடத்தோடு திரும்புமாறு செய்யலாம். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, மாணவர் முன்னிலையில் ஆசிரியரே அவரிடம் வினவலாம். தந்தையும் பாட்டனும் அறிஞராக நிற்கும் காட்சி பிள்ளையின் நெஞ்சில் செய்யும் மாற்றம் பெரிது. தோட்டச் சொல், கலைச்சொல், மலாய்ச் சொல் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் வைத்து மாணவரே சொற்பட்டியல் தொகுக்கலாம். இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நாளில் அது அவர்களுக்குக் கைவிளக்காகும். பெண்பிள்ளையின் கையில் திருப்புளியை முதலில் கொடுக்கலாம். தானா ராத்தாவில் நீர் நூறு பாகைக்கு முன்னரே, ஏறத்தாழ 95 பாகையில் கொதிக்கிறது. ஏன் என்று கேட்டு ஒரு வெப்பமானியையும் ஒரு பாத்திரத்தையும் மட்டும் கொண்டு ஒரு முழு வகுப்பை நடத்தலாம். இவற்றுள் எதற்கும் பட்டறை தேவையில்லை. ஏன் என்று கேட்கும் பிள்ளையை அதட்டாத ஆசிரியர் ஒருவர் போதும்.

தேயிலைத் தோட்டத்துக்கு நம் முன்னோர் இரண்டு கைகளோடு அழைத்துவரப்பட்டனர். கைகளே வேண்டப்பட்டன, கைகளுக்கே கூலி தரப்பட்டது. பள்ளியில் தொழில்நுட்பம் கைவேலையாகவே நின்றுவிட்டால் அந்தப் பழைய கணக்கையே நாமும் தொடர்கிறோம் என்பது பொருள். வினாவோடு அது கற்பிக்கப்படும் நாளில்தான் அக்கணக்குத் திருத்தப்படும். ஆலையின் வாயிலில் நிற்கும் தமிழ்ப்பிள்ளை அப்போது வேலை கேட்டு நிற்காது, விளக்கம் கேட்டு நிற்கும்.